ராஞ்சியிலிருந்து வந்த தல

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் அணியொன்றைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பத்தியில் மன்னிப்புக் கோருவது வழக்கம். நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை. மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் வசித்துக்கொண்டு, சிறுபத்திரிகைகளைக் கைமாற்றி வாசிக்கும் ஐந்து பேர் நாங்கள். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், இருவர் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், ஒருவர் துறைமுகத்துச் சரக்குக் கணக்கர், ஒருவர் ஓய்வு பெற்றவர். புதுமைப்பித்தனில் தொடங்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, ஏப்ரல், மே மாதங்களில் எப்படியும் சென்னை சூப்பர் கிங்ஸில்தான் வந்து நிற்கும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதில் எங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

வெற்றி பெறும் அணியை நேசிப்பது எளிது என்று சொல்வார்கள். இருக்கலாம். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை. 2023 வரை ஆடிய 14 பருவங்களில் 10 முறை இறுதியாட்டம். இந்தியாவில் வேறெந்தத் தொழில்முறை அணியின் ரசிகர்களும் இவ்வளவு செல்லமாக வளர்க்கப்பட்டதில்லை. ஆனால் யோசித்துப் பார்க்கையில், எங்கள் நினைவில் தங்கியிருப்பவற்றுள் தோல்விகளே மிகுதி. 2012 மே 27 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டம் அவற்றுள் ஒன்று. சென்னை 190 ஓட்டங்கள் எடுத்திருந்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டு அது. எங்கள் தெருவில் விளக்கில்லை. சென்னையிலிருந்த நண்பர் ஒருவர் குறுஞ்செய்தியில் அனுப்பிக்கொண்டிருந்த எண்களை வைத்தே ஆட்டத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தோம். இரண்டு பந்துகள் மீதமிருக்கையில் கொல்கத்தா வென்றுவிட்டது. வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அப்போதே எங்கள் வானத்தில் எழுந்துவிட்டிருந்தன. தலா 500 மெகாவாட் கொண்ட அதன் மூன்று அலகுகளுள் முதலாவது உற்பத்திக்கு வந்தது அந்த ஆண்டின் கடைசியில்தான்.

2019 இறுதியாட்டம் இன்னொன்று. ஷேன் வாட்சன் 80 ஓட்டங்கள் எடுத்துக் கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றோம். முழங்காலில் இரத்தம் கசிய அவர் ஆடியிருந்தார் என்பதையும் தையல் போடப்பட்டதையும் மறுநாள் ஹர்பஜன் சிங் வெளியிட்ட பின்பே உலகம் அறிந்தது. அன்று தேநீர்க் கடையில், அந்த ஆஸ்திரேலியருக்காக, சொந்தத் தமையனுக்கு அடிபட்டதுபோல் பேசிக்கொண்டார்கள்.

இந்த ‘சொந்தம்’ எப்படி உண்டாகிறது என்பதே எங்களை நெடுநாளாக ஆட்கொண்டிருக்கும் கேள்வி. ஏனெனில் இந்த அணியில் மண்ணிலிருந்து முளைத்தது என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. 2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்கு வாங்கிய வணிக உரிமை இது. அடுத்த மாதம் மும்பையில் நடந்த ஏலத்தில், அன்றைய மிக உயர்ந்த விலையான 15 லட்சம் டாலருக்கு மகேந்திர சிங் தோனி எடுக்கப்பட்டார். தொடக்க ஆண்டுகளில் பத்ரிநாத், பாலாஜி, முரளி விஜய், அஸ்வின் என்று நம் தெருப்பெயர்கள் இருந்தன. 2011 இறுதியாட்டத்தில் விஜய் 95 ஓட்டங்கள் எடுத்ததும், முதல் ஓவரிலேயே கெய்லை அஸ்வின் வீழ்த்தியதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் 2023இல் கோப்பையை வென்று தந்த ஆட்டத்தில் சென்னைக்காகத் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. அன்று எங்கள் ஆரவாரத்தில் அணுவளவும் குறைவில்லை.

ஒருவகையில் இந்த அணி எங்கள் சிப்காட்டைப் போன்றது. எங்கிருந்தெல்லாமோ ஒப்பந்தத்தின் பேரில் ஆட்கள் வருகிறார்கள், குறித்த காலம் உழைக்கிறார்கள், போகிறார்கள். வித்தியாசம், இங்கே வந்தவர்களுக்கு நாம் பெயர் சூட்டினோம் என்பது. தோனி ‘தல’ ஆனார். உத்தரப் பிரதேசத்து ரெய்னா ‘சின்னத் தல’. குஜராத்து ஜடேஜா ‘தளபதி’. லாகூரில் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஆடிய இம்ரான் தாஹிர், விக்கெட் விழுந்ததும் இரு கைகளையும் விரித்து ஓடிய ஓட்டத்துக்காகப் ‘பராசக்தி எக்ஸ்பிரஸ்’ ஆனார். பெயர் சூட்டுவது என்பது வீட்டுக்குள் அழைப்பது. தமிழ்ச் சமூகம் பிறத்தியாருக்கு இதைக் கைதாராளமாகச் செய்து பார்த்த அரிய இடங்களுள் ஒன்று சேப்பாக்கம்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தோனி ராஞ்சியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை அங்கே மெகான் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் ஊழியர். தோனியே 2001 முதல் 2003 வரை தென்கிழக்கு ரயில்வேயில், கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை பார்த்தார். ரயில் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: ஹவுராவிலிருந்து சென்னைக்கு வரும் பெரும்பாதையில்தான் கரக்பூர் இருக்கிறது. அதே தண்டவாளம் ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து, சூலூர்ப்பேட்டை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது முதலில் வரும் பெரிய ஊர் கும்மிடிப்பூண்டி. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் எங்கள் உருக்காலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் ஆட்கள் வந்து இறங்குவது இந்தப் பாதையில்தான். தல வந்த திசை அது. ‘வடக்கன்’ வரும் திசையும் அதுவே.

ஐபிஎல் நாட்களில் மாலை நேரத்து மூர்மார்க்கெட் வண்டியில் ஏறிப் பாருங்கள். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் மஞ்சள் சட்டைகள் ஏறும். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம் போகிறவர்கள். முகத்தில் சாயம், கழுத்தில் விசில். அப்படியொரு நாளில் நாங்கள் பார்த்தது இது. முதுகில் 7 என்ற எண்ணும் தோனியின் பெயரும் எழுதிய சட்டையணிந்த இளைஞர் ஒருவர், சன்னலோரம் உட்கார்ந்து உறங்கிக்கொண்டிருந்தவரைத் தோளில் தட்டி, “ஏய் வடக்கா, எழுந்திரு” என்றார். அவர் மறுபேச்சின்றி எழுந்து கதவருகே போய் நின்றார். எங்கள் ஆசிரிய நண்பர் தமக்குத் தெரிந்த இந்தியில் ஊரைக் கேட்டார். குந்தி என்றார். அது ராஞ்சிக்குப் பக்கத்து மாவட்டம். “கிரிக்கெட் பார்ப்பாயா தம்பி?” என்ற கேள்விக்கு அவர் மஞ்சள் சட்டையைக் காட்டிச் சிரித்து, “நம்ம ஊர்க்காரர், அண்ணா” என்றார். ‘அண்ணா’வை மட்டும் தமிழில் சொன்னார்.

அந்த இளைஞரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது, அது நியாயமாகாது. அவருக்கும் ஒரு தரப்பு இருக்கிறது. இப்பகுதியில் நிலங்கள் தொழிற்பேட்டைகளாக மாறியபோது, வீட்டுக்கொரு வேலை என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. வந்ததோ பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குக் கேள்வி கேட்காமல் வருகிறவர் கிடைக்கும்போது, கேள்வி கேட்கும் உள்ளூர்க்காரருக்கு வாயிற்கதவு திறப்பதில்லை. கூலியை நிர்ணயிப்பவர் ரயிலில் வருவதில்லை. கண்ணெதிரே சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் குந்திக்காரர்தான். தொலைக்காட்சியில் தெரியும் ராஞ்சிக்காரர் நம் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் போட்டியில்லை. ஆகவே அவரை நேசிக்கச் செலவேதுமில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை எங்களால் முற்றிலும் தள்ளிவிட முடியவில்லை.

எனினும், எங்கள் உற்சாகம் வெறும் வேடிக்கை அல்ல என்பதற்குச் சாட்சியாக இந்த அணியின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்வு உண்டு. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் 2008 முதல் 2010 வரை சென்னைக்காக ஆடினார். 2013இல், ஈழப் போரின் இறுதிக் கட்டக் கொடுமைகளை முன்னிட்டு எழுந்த கொந்தளிப்பில், இலங்கை வீரர் எவரும் சென்னை ஆட்டங்களில் பங்கேற்கலாகாது என முடிவானது. அப்போது பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் அந்தத் தடைக்குள் வந்தார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும், அக்கோபம் தமிழரொருவரையும் வெளியே நிறுத்தியது என்பது வரலாற்றின் நகைமுரண். சரியாகப் பத்தாண்டு கழித்து, 2023இல், அதே கண்டியிலிருந்து வந்த சிங்கள இளைஞர் மதீஷ பத்திரன கடைசி ஓவர்களை வீச ஓடிவரும்போது சேப்பாக்கம் எழுந்து நின்று விசிலடித்தது. அந்தப் போரை மறந்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் இருபது வயதுப் பையன் ஒருவனை அவனுடைய நாட்டின் பாவங்களிலிருந்து பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்திருந்தது. ஆட்டம் அதைக் கற்றுத்தந்தது என்று சொல்ல மாட்டோம். கற்றதைக் காட்ட ஓர் இடம் தந்தது, அவ்வளவே.

அதே 2023 மார்ச்சில் வேறொன்றும் நடந்தது. பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டு அரசு இந்தியிலும் உறுதிமொழி வெளியிட்டது. எங்கள் பகுதியின் தகரக் கூரை வரிசை வீடுகளில் மூட்டை கட்டியவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதம் 3ஆம் நாள், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. தோனி மூன்றே பந்துகள் ஆடி இரண்டு சிக்ஸர் அடித்தார்.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய், மே 30ஆம் தேதி அதிகாலையில் அகமதாபாத்தில் முடிந்தது. அந்த ஆண்டு ஆட்டங்களைக் கைபேசியில் இலவசமாகக் காட்டினார்கள். தமிழ், இந்தி மட்டுமன்றி ஒடியா, வங்காளம், போஜ்புரி உட்படப் பல மொழிகளில் வர்ணனை இருந்தது. இரவு ஷிப்டு முடிந்த நண்பர் ஒருவரைப் பார்க்க ஆலையருகே போயிருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளின் திண்ணையில் ஒரு கைபேசியைச் செங்கல்மீது சாய்த்துவைத்து பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போஜ்புரியில் ஓடியது வர்ணனை. எங்கள் கைபேசியில் தமிழ். கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவை. ஜடேஜா முதலில் சிக்ஸர் அடித்தார். அடுத்து பந்து காலுக்குப் பின்னால் எல்லைக்கு ஓடியது. இரு கைபேசிகளுக்கும் இடையே ஓரிரு விநாடி வித்தியாசம். அவர்கள் முன்னதாகவே எழுந்து குதித்துவிட்டதால் எங்கள் வெற்றி அவர்கள் குரலில்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. யாரோ எங்களைக் கட்டிக்கொண்டார். பெயர் கேட்டுக்கொண்டோம். பெயர் கேட்பதற்கு ஒரு கோப்பை தேவைப்பட்டது என்பதை நினைக்கச் சற்று வருத்தமாகவும் இருந்தது.

இந்தக் கரைக்கு இரக்கம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் சரக்கு வண்டிமீது மோதியது. பயணிகளைத் திருமண மண்டபங்களில் தங்கவைத்து உணவும் நீரும் கொடுத்தார்கள். அன்று யாரும் யாரையும் வடக்கன் என்று அழைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. ஆபத்தில் ஓடிவரும் மனம், மறுநாள் காலை வண்டியில் இடம் கொடுக்க மட்டும் ஏன் தயங்குகிறது?

2025 செப்டம்பர் 30 அன்று, மீஞ்சூரை அடுத்துக் கட்டப்பட்டுவரும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து, அசாமிலிருந்து வந்த ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். நாம் ஆட்டம் பார்க்கும் விளக்குகளுக்கு மின்சாரம் வார்க்கும் வேலையில் இறந்தவர்கள். 2008 முதல் இன்றுவரை மஞ்சள் சட்டையில் ஆடிய வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் பெயர்களை எங்கள் தெருப் பையன்கள் ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவரின் பெயரையும் எங்கள் தெருவில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அணிக்கு இப்போது நல்ல காலமென்று சொல்வதற்கில்லை. 2025இல் பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. அதற்கு முன்பும் 2016, 2017 இரண்டு ஆண்டுகள், பந்தய விவகாரத்தில் லோதா குழு விதித்த தடையால் அணியே களத்தில் இல்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று பெயரிட்ட தனி ரயிலில் அங்கே போனார்கள். நாங்கள் அதில் இல்லை. ஆனால் அந்த ரயிலைப் புரிந்துகொள்கிறோம். தோற்கையிலும் துரத்தப்படுகையிலும் கூடவே போவதுதான் ஒன்றை ‘நம்முடையது’ ஆக்குகிறது. பிறப்போ மொழியோ கொடுக்காத உரிமையை அந்த உடனிருப்பு கொடுக்கிறது.

அப்படியானால் அது இருபுறமும் செல்லுபடியாக வேண்டும். பத்தாண்டுகளாக நம் உலைகளின் வெப்பத்தில் உடனிருப்பவருக்கு, நம் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழில் வீட்டுப்பாடம் எழுதவைப்பவருக்கு, தல என்றோ தளபதி என்றோ பட்டம் தரவேண்டியதில்லை. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு, அதால் அழைத்தால் போதும். அடுத்த பருவத்துக்கும் நாங்கள் மஞ்சள் சட்டையோடுதான் வண்டியேறுவோம். சன்னலோரத்தில் உறங்குகிறவர் உறங்கட்டும்.