வினாடி வினா மேடையில் நாங்கள் கற்ற பாடம்



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் ஒரு வினாவைத் தொடுத்தார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது ஒரு முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்பது அவ்வினா. அவையோர் பாலைவன மரங்கள் பலவற்றை எண்ணிக் குழம்பினர். அங்கிருந்த இளவயதினரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்ச மரம் என்ற விடை தோன்றிவிட்டது. ஆயினும், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர் வாய்திறவாமல் அமர்ந்திருக்கத் தாம் முந்திக்கொள்ள நாணி அவர் மௌனமாக இருந்துவிட்டார். பின்னர் இதை அறிந்த அவருடைய தந்தை, மகன் அவ்விடையைச் சொல்லியிருந்தால் அது தமக்கு எத்துணையோ மகிழ்வைத் தந்திருக்கும் என்றார். ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை எங்கள் போட்டிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தோம். அதன் பொருளை நாங்களே உணரவில்லை என்பதைப் போட்டி முடிந்த அன்றிரவுதான் அறிந்தோம்.

எங்கள் மஹல்லாவில் கோடை விடுமுறைதோறும் மாணவர்களுக்கு வரலாற்று வினாடி வினா நடத்தி வருகிறோம். நாங்கள் ஐவர். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் மளிகை வணிகர், ஒருவர் மின்பணியாளர், மற்றவர் மக்தபில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத். பள்ளிப் பாடநூலின் வரலாற்றைத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் பிள்ளைகள், மேடையில் ஒரு கேள்விக்குச் சொன்ன விடையை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. அந்த ஆசையே எங்களை இதில் இறக்கியது.

இத்தகைய போட்டியை நடத்த விரும்பும் மஹல்லாக்களுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் ஏற்பாடுகளைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, பரிசுப் பணம். தொடக்கத்தில் ஒவ்வோர் அணியிடமும் நுழைவுக் கட்டணம் பெற்று, அத்தொகையிலேயே பரிசு வாங்கலாம் என்று எண்ணினோம். ஹஜ்ரத் தடுத்தார். போட்டியாளர் அனைவரும் பணம் போட்டு, வென்றவர் மட்டும் அதை எடுத்துச் செல்வது சூதாட்டத்தின் சாயலைப் பெற்றுவிடும் என்றார். ஆகவே கட்டணம் அறவே இல்லை. பரிசுகளைப் போட்டியில் பங்கில்லாதவர்களின் நன்கொடையிலிருந்து நூல்களாக வாங்குகிறோம்.

இரண்டாவது, அணிகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பிரிவு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மற்றொரு பிரிவு. அணிக்கு இருவர். முதலில் எழுத்துத் தேர்வு: முப்பது கேள்விகள், நாற்பது நிமிடங்கள். அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. இரண்டு அணிகள் சம மதிப்பெண் பெற்றால் நட்சத்திரக் கேள்விகளில் மிகுதியாகப் பெற்ற அணி முன்னேறும். இந்த ஒரு விதி பல பூசல்களைத் தவிர்த்திருக்கிறது. முதல் ஆறு அணிகள் மேடைக்கு வரும். அவற்றுக்குக் கூஃபா, பக்தாத், கைரவான், கொர்தோவா, சமர்கந்த், காயல் என்று ஊர்ப்பெயர்களைச் சூட்டுகிறோம்.

மூன்றாவது, நேரம். நேரடிக் கேள்விக்கு முப்பது வினாடிகள். சரியான விடைக்குப் பத்து மதிப்பெண். தவறினால் அடுத்த அணிக்குக் கேள்வி செல்லும். அதற்கு ஐந்து மதிப்பெண். பஸ்ஸர் சுற்றில் முந்தி அழுத்தியவருக்கே வாய்ப்பு. தவறினால் ஐந்து குறையும். தாளில் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒலிபெருக்கிக் கோளாறு, கைதட்டல், அழும் குழந்தை எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகும். எனவே லுஹர் தொழுகைக்குப் பின் தொடங்கி, அஸருக்கு இடைவேளை விட்டு, மஃரிபுக்கு வெகு முன்னரே முடிக்கிறோம். பஸ்ஸர் பெட்டியை எங்கள் மின்பணியாளச் சகோதரரே செய்தார். ஓர் அணி அழுத்தியதும் மற்றவை செயலிழக்கும். மின்தடைக்கென ஆறு வண்ணக் கொடிகளும் மேசையில் இருக்கும்.

நான்காவதும் கடினமானதும் கேள்விகளே. வரலாற்றில் ஒரே விடையுள்ள கேள்வியை அமைப்பது எளிதன்று. பத்ருப் போர் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டால், ஒரு பிள்ளை ஹிஜ்ரி 2 என்னும். மற்றொன்று 624 என்னும். இரண்டும் சரி. எந்த ஆண்டுக் கணக்கு என்பதைக் கேள்வியே சொல்ல வேண்டும். இஸ்லாத்தை முதலில் ஏற்றவர் யார் என்று பொதுவாகக் கேட்கலாகாது. பெண்களில் கதீஜா (ரலி), ஆண்களில் அபூபக்கர் (ரலி), சிறுவர்களில் அலீ (ரலி) என்று பிரித்துச் சொல்வது வழக்கம். நபிகளார் பிறந்த தேதியில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; யானை ஆண்டில் பிறந்தார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்றது. சேரமான் பெருமாள் பற்றிய செய்திகள் செவிவழி மரபாக வந்தவை. அவற்றை ஆண்டுடன் கேட்பதில்லை. வாஸ்கோடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று எழுதப்பட்டிருந்த ஒரு கேள்வியை, 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கியவர் யார் என்று மாற்றினோம். அரபு வணிகர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்துபோன கரையை அவர் எவ்வாறு கண்டுபிடித்திருக்க முடியும்?

இத்துணை கவனமாக இருந்தோம் என்ற பெருமிதமே எங்களை வீழ்த்தியது.

அவ்வாண்டு இளையோர் பிரிவின் இறுதிப்போட்டி. பஸ்ஸர் சுற்று முடிந்து, நேரடிக் கேள்விகளின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. கைரவான் அணியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. தையல் தொழிலாளியின் மகள். அவ்வணிக்கு எங்களில் ஒருவர் வாசித்த கேள்வி இது: முதல் பள்ளிவாசல் எது?

அச்சிறுமி தயங்காமல், "மஸ்ஜிதுல் ஹராம்" என்றாள்.

விடைத்தாளில் குபா என்றிருந்தது. தவறு என்று அறிவித்தோம். கேள்வி சமர்கந்த் அணிக்குச் சென்றது. அவர்கள் குபா என்றார்கள். ஐந்து மதிப்பெண் பெற்றார்கள். முடிவில் சமர்கந்த் 75, கைரவான் 70. பரிசளிப்பு, புகைப்படம், துஆ எல்லாம் நிறைவாக முடிந்தன. அச்சிறுமி இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு ஸலாம் கூறி இறங்கிப் போனாள்.

இஷாவுக்குப் பின் எஞ்சிய கையேடுகளைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் ஒரு பிரதியைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். நான்காம் பக்கத்தில் நாங்களே எழுதியிருந்தோம்: பூமியில் முதலில் அமைக்கப்பட்ட பள்ளிவாசல் எது என்று அபூதர் (ரலி) அவர்கள் வினவியபோது, மஸ்ஜிதுல் ஹராம் என்றும், அதன் பின்னர் மஸ்ஜிதுல் அக்ஸா என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். குபாவைப் பற்றிய செய்தி வேறொரு பக்கத்தில் இருந்தது. ஹிஜ்ரத்தின்போது மதீனாவை அடைந்த நபிகளார் கட்டிய முதல் பள்ளிவாசல் அது. மூலக் கேள்வியில் 'நபிகளார் கட்டிய' என்ற சொற்கள் இருந்தன. சிறிய சீட்டில் அடங்கவில்லை என்று படியெடுத்தபோது அவற்றை நீக்கியவர்கள் நாங்கள்தாம்.

சிறுமி சொன்னது சரி. எங்கள் தீர்ப்பே தவறு.

அன்றிரவு எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. பரிசு கொடுத்தாகிவிட்டது, இனிக் கிளறினால் நம் போட்டியின் மீது எவருக்கும் நம்பிக்கை இராது என்றார் ஒருவர். இரு அணிகளையும் முதலிடம் என்று அறிவித்துவிடலாம் என்றார் மற்றொருவர். வென்ற பையன் என்ன குற்றம் செய்தான், அவன் கையிலிருந்து எப்படித் திரும்ப வாங்குவது என்றார் இன்னொருவர். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஹஜ்ரத் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் மடலை நினைவூட்டினார். நேற்று வழங்கிய தீர்ப்பு தவறென்று இன்று தெரிந்தால், உண்மையின்பால் திரும்புவதற்கு அத்தீர்ப்பு தடையாகக் கூடாது என்பது அதன் கருத்து. "பெரிய வழக்குகளுக்கே அப்படியென்றால், ஐந்து மதிப்பெண்ணுக்கு நமக்கு என்ன தடை?" என்றார். மதிப்பெண்களைத் திருத்திக் கூட்டினோம்: கைரவான் 80, சமர்கந்த் 70. இருவரையும் முதலிடம் என்பது எங்கள் சங்கடத்தை மறைக்குமே தவிர, கணக்கை நேராக்காது.

மறுநாள் முதலில் அச்சிறுமியின் இல்லத்திற்குச் சென்றோம். அவளுடைய வாப்பா எங்களைக் கண்டதும் பதறித் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தார். செய்தியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிறுமியை அழைத்து, உன் விடை சரியென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டோம். தலையசைத்தாள். நான்காம் பக்கம் என்றும் சொன்னாள். பின் ஏனம்மா அப்போதே சொல்லவில்லை என்றோம்.

"பெரியவங்க தப்புன்னு சொன்னீங்க. அதனால நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு நினைச்சேன், மாமா."

எங்களால் விடை கூற இயலவில்லை. இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை முதல் பக்கத்தில் அச்சிட்டவர்கள் நாங்கள். ஒரு பிள்ளை பெரியோர்முன் கையுயர்த்தி, நான் சொன்னது சரி என்று கூறுவதற்கு எங்கள் விதிகளில் ஒரு வரிகூட வைக்கவில்லை. மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதாக எந்த அணிக்கும் சொன்னதில்லை. அவள் தன் மதிப்பெண்ணை இழந்ததைவிட, தான் படித்ததையே ஐயுற்றது எங்களை மிகவும் வருத்தியது.

அங்கிருந்து சமர்கந்த் அணியினரின் இல்லங்களுக்குச் சென்றோம். ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். மற்றவன் உள்ளே போய்விட்டான். அவனுடைய உம்மா, அவன் கேட்டதை எங்களிடம் கொண்டுவந்து சொன்னார்: "கேட்ட கேள்விக்கு அவங்க எழுதி வச்சிருந்த பதிலைத்தானே நான் சொன்னேன்?" அதுவும் உண்மையே. அவன் மீது ஒரு குற்றமும் இல்லை. பிழை எங்களுடையது என்பதால் அவர்கள் பெற்ற நூல்களைத் திரும்பப் பெறவில்லை. கைரவான் அணிக்குரிய முதல் பரிசை எங்கள் ஐவரின் சொந்தப் பணத்தில் வாங்கினோம். நன்கொடை அமானிதம், எங்கள் கவனக்குறைவுக்கு அதைச் செலவிட எங்களுக்கு உரிமையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் திருத்தப்பட்ட முடிவை அறிவித்தோம். யார் பிழை என்பதையும் மறைக்காமல் கூறினோம். நீதியின்மீது நிலைத்திருங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அன்று அதை ஒலிபெருக்கியின் முன் நின்று ஓதியது போலிருந்தது. உள்ளே போன அந்தப் பையன் அன்று வரவில்லை. மறுவாரம்தான் மக்தபுக்கு வந்தான். எங்களுக்கு ஸலாம் சொல்ல இன்னும் சில நாட்கள் ஆயின.

இப்போது எங்கள் விதிகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு கேள்விச் சீட்டிலும் விடை, ஏற்கத்தக்க மாற்று விடைகள், கையேட்டின் பக்க எண் ஆகிய மூன்றும் இருக்கும். எழுதியவரல்லாத இருவர் அதைப் படித்துப் பார்த்த பிறகே உறைக்குள் போகும். ஒரு விடை தவறென்று அறிவிக்கப்பட்டால், அடுத்த சுற்று தொடங்குமுன் அணியினர் பச்சை அட்டையை உயர்த்தி முறையிடலாம். முறையிட்டதற்காக மதிப்பெண் குறையாது. மூவர் குழு நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பெற்றோர் முறையிட அனுமதியில்லை; பிள்ளைகளே பேச வேண்டும். போட்டிக்கு முன் ஒவ்வோர் அணியும் ஒருமுறை பச்சை அட்டையை உயர்த்திப் பழக வேண்டும். கூச்சம் போவதற்கு அது உதவுகிறது.

மறு ஆண்டுப் போட்டியில் பச்சை அட்டை நான்கு முறை உயர்ந்தது. மூன்று முறை எங்கள் விடையே சரியாக இருந்தது. ஒருமுறை பிள்ளைகள் சரி.

பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கற்பிக்க மேடை அமைக்கும் அன்பர்களே, பஸ்ஸரும் பரிசும் அமைவதற்கு முன் அந்தப் பச்சை அட்டையை வைத்துவிடுங்கள். நம் இல்லங்களிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பெரியோரை மதிக்கும் பிள்ளைகளை நமக்குத் தந்த அல்லாஹ், அவர்களின் விடையைச் செவிமடுக்கும் பெரியோராக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.