முப்பத்திரண்டு கதிரைகள்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு அதிபர் கேட்டபொழுது, தமிழின் தொன்மை பற்றி எழுதலாமெனவே முதலில் எண்ணினோம். அதனை எழுத எம்மிலும் வல்லார் இங்கு பலர் உளர். ஆகவே, கனடாவில் நாம் பார்த்த முதல் வேலையைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

தாயகத்தில், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்து வந்தோம். 2009 இல் அவ்வாழ்வு முடிந்தது. அதன்பின் நிகழ்ந்தவை இக்கட்டுரைக்கு உரியன அல்ல. 2012 இன் இறுதியில் அகதியாக இந்நாடு வந்தோம். தை மாதம் முதல் இப்பள்ளியிற் சனி தோறும் தமிழ் கற்பித்தோம். வேலை செய்வதற்கான அனுமதிப் பத்திரம் கைக்குக் கிட்டியது வைகாசியில். களியாட்டப் பூங்காவொன்றிற் கோடைகாலத்துக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பூங்காவின் பெயர் இங்கு அவசியமன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் அந்நாளைய குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 10 டொலர் 25 சதம். எமக்கும் அதுவே. ஊரிலிருந்த அம்மாவுக்கு, "இயந்திரமொன்றை இயக்கும் உத்தியோகம்" என்று தொலைபேசியிற் சொன்னோம். அதிற் பொய்யில்லை.

பயிற்சிக்கு வந்திருந்தோரிற் பெரும்பாலார் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். நாம் உள்ளே நுழைந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்தினர். கற்பிக்க வந்தவர் என்று எண்ணினர் போலும். நாம் பின்வரிசையிற் சென்று அமர்ந்தோம். கற்பித்தவரோ பத்தொன்பது வயதுப் பெண். எம்மிடம் படித்த பிள்ளைகளின் வயது.

எமக்குக் கிடைத்தது தொங்கு கதிரை இராட்டினம். நடுவே ஒரு தூண். அதன் உச்சியிற் குடைபோன்றதொரு சக்கரம். அச்சக்கரத்திலிருந்து சங்கிலிகளில் 32 கதிரைகள் தொங்கும். சக்கரம் சுழலச் சுழலக் கதிரைகள் வெளிநோக்கி விரிந்து பறக்கும். பொத்தானை அழுத்துவதுதானே வேலை என்று நாமும் நினைத்திருந்தோம். காலையிற் சனங்கள் வருமுன் ஒவ்வொரு சங்கிலியையும் கொளுக்கியையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். ஆளின்றிச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். ஆட்கள் குறைவாயின் ஒரே பக்கத்தில் இருத்தாது சுற்றிவரப் பரப்பி இருத்துதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு கதிரையின் தடுப்புச் சட்டத்தையும் கீழே அழுத்தி, மேலே இழுத்துப் பார்த்து, மறுபுறம் நிற்கும் துணையாளர் பெருவிரலை உயர்த்திக் காட்டிய பின்னரே பொத்தானில் எமது விரல் படலாம்.

முதல் நாள் இவையனைத்தும் செய்தோம். பொத்தானை அழுத்தினோம். இராட்டினம் அசையவில்லை. மீண்டும் அழுத்தினோம். கதிரையிலிருந்த பிள்ளைகள் சிரித்தனர். அந்தப் பெண் அருகில் வந்து, படலையைக் கண்ணாற் காட்டினார். கொளுக்கி மாட்டப்படவில்லை, படலை பூட்டப்படாவிடின் மின்சாரம் செல்லாது. அவர் ஒரு சொல்லும் பேசாதது பெரிய உபகாரம். விடை தவறிய மாணவனிடம் நாம் அத்தனை பொறுமையாய் இருந்ததில்லை.

இரண்டாம் வாரத்தில், கூட்டம் குறைந்த ஒரு மாலைப்பொழுதில், அந்தக் காட்சியைக் கண்டோம். ஒரு கதிரையிற் பருத்த மனிதர் ஒருவர். அடுத்த கதிரை வெறுமை. சக்கரம் முழு வேகம் கொண்டபொழுது இரண்டும் ஏறத்தாழ ஒரே சாய்வில் விரிந்து நின்றன. கூம்பு ஊசல்! சாய்வுக் கோணம் திணிவில் தங்கியிருப்பதில்லை, சமன்பாட்டின் இரு பக்கத்திலும் திணிவு நின்று வெட்டுண்டு போகும் என்று பத்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். இத்தனை பெரிதாய்க் கண்ணாற் கண்டது அன்றுதான். பக்கத்திற் சொல்வதற்கு ஒருவருமில்லை.

ஆடி மாதத்து ஞாயிறொன்றில் எமது வகுப்புச் சிறுவன் ஒருவன் தகப்பனாருடன் வரிசையில் வந்தான். தொப்பியைத் தாழ்த்தி முகத்தை மறைக்கப் பார்த்தோம் என்பதை ஒளிக்காமற் சொல்கிறோம். அவனோ தூரத்திலேயே "சேர்!" என்று கூவிவிட்டான். அளவுகோலின் கீழ் நிறுத்தினோம். 48 அங்குலம் வேண்டும். அரை அங்குலம் குறைவு.

"மாஸ்டர், எங்கட பிள்ளைதானே, ஒருக்கா ஏத்திவிடுங்கோ" என்றார் தகப்பனார்.

தவணைப் பரீட்சையில் 34 புள்ளியை 35 ஆக்கித் தருமாறு கேட்ட பெற்றோரை அறிவோம். ஓரிரு முறை கொடுத்ததும் உண்டு. இங்கோ, உயரம் குறைந்த பிள்ளை சட்டத்தின் கீழால் வழுக்கலாம். ஏற்ற முடியாதென்றோம். வரிசையில் நின்றவர்கள் பார்த்தனர். அவர் முகம் சிவந்து, "ஊரில பெரிய வாத்தியார், இஞ்ச ராட்டினம் சுத்துறார்" என்று எமது காதில் விழவே சொன்னார். (அவர் இன்று எமது நண்பர். இதனை எழுதும்படி சொன்னவரும் அவரே.)

அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவர் சொன்னது உண்மையாய் இருந்ததே அதற்குக் காரணம்.

ஆயினும் சிறுவன் அன்று உடனே போய்விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று முழுவதையும் பார்த்தான். பின்பு, "ஆளில்லாத கதிரையும் அவ்வளவு தூரம் போகுதே, ஏன் சேர்?" என்று கேட்டான். வேலை நேரத்திற் பேசலாகாது. பள்ளி தொடங்கட்டும் என்று மட்டும் சொன்னோம்.

புரட்டாதியில் முதல் வகுப்புக்கு ஒரு தடியும் குறுக்குச் சட்டமும் கொண்டு சென்றோம். சட்டத்தின் இரு முனையிலும் ஒரே நீள நூல். ஒன்றில் அழிறப்பர், மற்றதில் அதனிலும் பாரமான கல். தமிழ் வகுப்பில் ஏன் பௌதிகம் என்று சிலர் கேட்டனர். மையநாட்ட விசை என்பதும் தமிழ்ச் சொல்தானே. உள்ளங்கைகளுக்கிடையே தடியை வைத்து உருட்டினோம். பிள்ளைகளும் முறைவைத்து உருட்டினர். மகனை அழைத்துச்செல்ல வந்த தகப்பனார் வாசலிலேயே நின்றார். சிறுவன் தடியைக் கொண்டுபோய் அவர் கையிற் கொடுத்தான். அவர் எம்மைப் பார்க்காமலே உருட்டினார். பின்னர் இன்னும் வேகமாய் உருட்டினார்.

அடுத்த கோடையிலும் அதே இராட்டினத்தில் நின்றோம். ஆனி மாதம் இருவரும் வந்தனர். சிறுவன் தானாகவே அளவுகோலின் கீழ் நிமிர்ந்து நின்றான். 49 அங்குலம். கதிரையில் இருத்திச் சட்டத்தை அழுத்தி இழுத்துப் பார்த்தபொழுது, பக்கத்துக் கதிரையில் ஒருவரையும் இருத்த வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டான். அன்று கூட்டம் குறைவு. இருத்தவில்லை.