காட்டு வீதியில் ஒரு ரபீஉ

"ரபீஉனில் அவ்வல் என்றால் முதல் வசந்தம்" என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். "நமது நாட்டில் வசந்தம் எப்போது வரும், ஹஸ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். சந்திர மாதங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், அப்பெயருக்கும் பருவத்துக்கும் இப்போது தொடர்பில்லை என்று விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலல்லவே!

பதில் சிலாவத்துறை வீதியில் கிடைத்தது. மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் பாதையில், பறையனாளங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினால் காடு. பாலை, வீரை, முதிரை மரங்கள். ஓகஸ்டில் நான் போனபோது இலைகளெல்லாம் புழுதி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. இது ஒக்டோபர் கடைசி. இரண்டு நாட்களுக்கு முன்தான் முதல் மழை பெய்திருந்தது.

டயர் மாற்றுவதற்காக பஸ் நின்றது. இறங்கினோம். ஈர மண்ணின் வாசனை. வீதியோரம் ஊசி ஊசியாய்ப் புல். மணலில் சிவப்புப் பட்டுத் துணுக்குகளாகத் தம்பளப்பூச்சிகள் ஊர்ந்தன. பற்றையில் கார்த்திகைப்பூக் கொடி மொட்டு விட்டிருந்தது. பொழுது சாய, ஆறுமணிக்குருவி காட்டுக்குள்ளிருந்து கூவியது. மாரியை ஒட்டி இந்தியாவிலிருந்து வரும் பறவை அது.

ஈரச் சாக்கில் சுற்றிய முருங்கைக் கம்பொன்றை அணைத்தபடி ஒரு வயதான தாய் நின்றிருந்தார்.

"எங்கே உம்மா கொண்டு போறீங்க?"

"ஊருக்கு மகன். தொண்ணூறுல நாங்க வெளிக்கிடக்குள்ளயும் இதே மழைதான். அப்ப அது எங்களுக்குக் கரைச்சல். புத்தளம் முகாமில ஒரு முருங்கை நட்டன். எத்தனையோ நாள் அந்த இலைதான் கறி. அதில வெட்டின கம்பு இது."

2009இல் போர் முடிந்தபின் ஊரைப் பார்க்கப் போனார்களாம். வீடிருந்த இடத்தில் பெரிய மரங்கள். கிணற்றைக் கண்டுதான் வளவை அடையாளம் பிடித்தார்களாம்.

"நட்டுட்டு புத்தளம் திரும்பிருவன். காய்க்கிறத நான் காணுவேனோ தெரியா. ஆராவது திண்ணட்டும்."

சகோதரிகளே! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற நபிமொழியை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரை அன்றுதான் கண்டேன்.

அரபு மொழியில் 'ரபீஉ' என்பது பருவத்தை மட்டும் குறிப்பதில்லை. மழைக்கும், அம்மழையில் முளைக்கும் பசுமைக்கும் அதுவே பெயர். வறண்டு இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சியாகக் குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். அப்படியானால் நமது வரண்ட பிரதேசத்தின் ரபீஉ, ஒக்டோபரின் இந்த முதல் மழைதான்.

மாணவருக்கு இந்தப் பதிலைச் சொல்லிவிட்டேன். உங்கள் வளவிலும் இந்த மாரிக்கு ஒரு கம்பை நட்டு வையுங்கள். அந்தத் தாயின் கம்பு தளிர்க்க துஆச் செய்யுங்கள்.