கியாந்தியும் சுண்டக்குழம்பும்

எங்கள் தோட்டத்தில் குதிரை ஏறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் முனியாண்டி. கோயில் வாசலில் சிமெண்டில் செய்த வெள்ளைக் குதிரை, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கும். திருவிழாவுக்குத் திருவிழா புதிதாகச் சாயம் பூசுவதால் அதன் கண்ணும் மூக்கும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறிக்கொண்டே போகும். இன்னொருவர் பாட்டியின் கதைகளில் வந்த வெள்ளைக்காரத் துரை. பாட்டி அவரைப் பார்த்ததில்லை. பாட்டியின் அம்மா பார்த்தாராம். அந்தத் துரை நிஜமாகவே குதிரை வைத்திருந்தாரா, அல்லது முனியாண்டியிடம் இரவல் வாங்கினாரா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

மூன்றாவதாகக் குதிரை ஏறியவன் என் நண்பன். தாப்பாவில் என்னோடு ஆறாம் படிவம் படித்தவன், இப்போது கோலாலம்பூரில் கணக்காய்வாளர். இத்தாலிக்குப் போய், துஸ்கானியில் ஆறு நாள் குதிரையில் சுற்றிவிட்டு வந்தான். காலையில் நான்கு மணி நேரம் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் மரங்களுக்கும் நடுவே சவாரி. மதியம் ஒரு பண்ணையில் சாப்பாடு. இரவு கியாந்தி ஒயினோடு நீண்ட விருந்து. எவ்வளவு செலவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை ரிங்கிட்டுக்கு மாற்றிச் சொல்லாமல் யூரோவிலேயே சொல்லியிருப்பான்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளி அப்பாவிடம் காட்டினான். குதிரைக்கு மூன்று வேகமாம்: பாஸ்ஸோ, த்ரோத்தோ, கலோப்போ. நடக்கும்போது ஒன்றும் தெரியாது. பாயும்போதுகூடச் சமாளித்துவிடலாம். நடுவில் உள்ள துள்ளோட்டத்தில்தான் உயிர் போகும். குதிரையின் தாளத்துக்குச் சரியாக எழுந்து எழுந்து உட்காராவிட்டால் முதுகெலும்பு நொறுங்குகிற மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் இரவு படுக்கையிலிருந்து கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைத்து இறங்கினானாம். அப்பா சிரித்தார். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் இறங்கும் முதல் வாரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்.

"உங்க ஊர் மாதிரியே இருக்குடா," என்றான் நண்பன் என்னிடம். மலைச்சரிவு, சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிசை வரிசையாகப் பச்சை, மேலே ஒற்றை வீடு, அதைச் சுற்றிப் பனி. பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் தலையாட்டினேன். அவன் போன பிறகு, அந்த ஒற்றை வீடுகளைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் வாரக்குடிகள். மெட்ஸாத்ரியா என்று பெயர். நம்மூர்ப் பாதிவாரம்தான். நிலமும் வீடும் முதலாளியுடையவை, உழைப்பு முழுக் குடும்பத்துடையது, விளைச்சலில் பாதி முதலாளிக்கு. இடைக்காலத்தில் தொடங்கிய இந்த முறை இருபதாம் நூற்றாண்டு வரை ஓடியது. கணக்குப் பார்க்க முதலாளி ஒரு மேலாளை வைத்திருப்பார். அவரை 'ஃபத்தோரே' என்பார்கள், எங்களுக்குக் கிராணி. குடும்பத்தில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்வதற்குக்கூட முதலாளியின் சம்மதம் வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிள்ளைகள் ஃபிளாரன்ஸுக்கும் பிராத்தோவின் நெசவாலைகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். 1964இல் வந்த சட்டம் இனிப் புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாது என்றது. மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்றும் வழியை 1982ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான கல்வீடுகள் காலியாகிவிட்டன. அவற்றை ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வாங்கினார்கள். சுவரைச் சுரண்டிக் கல்லை வெளியே தெரியவைத்து, மாட்டுக்கொட்டில் இருந்த கீழ்த்தளத்தைச் சாப்பாட்டுக் கூடமாக்கினார்கள். என் நண்பன் இரவு விருந்து சாப்பிட்டது அப்படியொரு கொட்டிலில்தான். கூரையில் உத்தரம் தெரிகிறது என்று அதையும் படம் எடுத்து வைத்திருந்தான்.

இத்தாலியர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விருந்தாளிகளை வைத்துச் சம்பாதிக்கலாம், ஆனால் அதை நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். நடைமுறையில் எத்தனை ஓட்டைகளோ. இருந்தாலும், அழகான சரிவைக் காட்டிக் காசு வாங்குகிற உரிமை அந்தச் சரிவில் வேலை செய்கிறவருக்கு உண்டு என்று ஒரு நாடு எழுதி வைத்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நண்பன் மிகவும் புகழ்ந்தது ரிபொல்லித்தா என்கிற சூப்பை. நேற்றைய காய்கறிச் சூப்பில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அவரையும் கருங்கோசும் சேர்த்து மறுபடி கொதிக்க வைப்பது. பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் அர்த்தம். அதாவது சுண்டக்குழம்பு. வாரக்குடி வீட்டின் மிச்சம், இன்று விருந்தின் முதல் வட்டில். எங்கள் பாட்டியின் சுண்டக்குழம்பு மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். கருவாட்டுத் துண்டு கரைந்து, கத்திரிக்காய் எது புளி எது என்று தெரியாமல் சட்டியோடு ஒட்டிக் கிடக்கும். கேமரன் மலைக்கு வருகிற பயணிக்கு அது கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், கிரீம், ஒரு குவளைத் தேநீர். துரையின் சாயங்காலச் சாப்பாடு. ஸ்கோன் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தோட்டத்தைப் பார்க்க வந்தவர் தோட்டத்தின் உணவைச் சாப்பிடாமலே மலை இறங்குகிறார்.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஒயினைக் கண்ணாடிக் குவளையில் சுழற்றி, முகர்ந்து, இதில் செர்ரிப் பழ வாசனை வருகிறது என்று பேசலாம். எங்கள் சரித்திரத்தில் மது என்றால் தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பள நாளில் கொடுத்ததை அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொண்ட இடம். அதை எதிர்த்து 1946-47இல் கெடாவில் தொண்டர் படை மறியல் செய்தது. அதனால்தானோ என்னவோ, நண்பன் கொண்டுவந்த கியாந்திப் புட்டியை அம்மா சாமி படத்துக்கு எதிரே வைக்க விடவில்லை. அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் போய்விட்டது.

கேமரன் மலையின் தேயிலைக் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். 1885இல் வில்லியம் கேமரன் என்கிற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துவிட்டுப் போனார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்த மில்னேயோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்தது எதை வைத்து என்று கேட்டால் ஒரே வரிசையில் மூன்று சொல்வார்கள்: ஒரு ஸ்டீம் ரோலர், சில கோவேறு கழுதைகள், கூலியாட்கள். அந்த வரிசையில் குதிரை இல்லை. பாரம் ஏற்றிச் சேற்றில் முதலில் ஏறியது கோவேறு கழுதைதான். அதோடு ஏறியவர்களும் அந்த வரியில் அதே மாதிரி பெயரில்லாமல்தான் வருகிறார்கள்.

இன்று அந்த வரியில் வேறு ஆட்கள். சரிவில் இயந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் லயத்தில் தமிழ்க் குடும்பம் என்று மிஞ்சியது நான்கு. வரும் மாதத்தோடு மூன்று. அப்பாவுக்கு 60 ஆகிவிட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றத் தோட்டங்களில் அப்படி இல்லை என்று ஆகிவிடும்.

இது தெரியாமல்தான் நண்பன் சொன்னான், "அங்கிள், பேசாம இந்த வீட்ட ஹோம்ஸ்டே ஆக்கிருங்க. வியூ செமையா இருக்குலா. வெள்ளைக்காரன் வரிசையில நிப்பான்."

அப்பா மறுத்துப் பேசவில்லை. "வீடு நம்மளுது இல்ல தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு, திராட்சைத் தோட்டத்துப் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வரிசைக்கு வரிசை எத்தனை அடி? கொடியை எப்போது கவாத்து செய்வார்கள்? நண்பனுக்குத் தெரியவில்லை. நான் தேடிச் சொன்னேன்: குளிர்காலத்தில், இலை எல்லாம் உதிர்ந்த பிறகு, ஒவ்வொரு வருடமும். "வருசா வருசமா?" அப்பாவுக்கு ஆச்சரியம். தேயிலையை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அத்தனை ஆட்களுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார். அங்கேயும் வெளியூர்க்காரர்கள்தான் வருகிறார்கள் என்றேன்.

ஈப்போவில் அண்ணன் அடுக்குமாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறான். ரிங்லெட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம், வெயில் வராது, மாதம் 700 ரிங்கிட். அப்பா இரண்டுக்கும் சரி என்கிறார், அதனால் எதற்கும் சரி என்று அர்த்தமில்லை. வாரக்குடிகளின் கதையை அவரிடம் சொன்ன அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போகும்போது மாட்ட என்னப்பா செஞ்சாங்க?"

பாதி மாடு முதலாளிக்கு, பாதியை விற்றிருப்பார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, பின்கட்டில் கோழிக்கூண்டின் கதவைச் சரி செய்யப் போய்விட்டார்.