அஞ்சரை மணி நேரம் பின்னால போன கம்ப்யூட்டர்

அன்புக் கமலிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்டி. பின்னால குக்கர் கத்தினதுல பாதி காதுல விழல, விழுந்த பாதியிலேயே விஷயம் புரிஞ்சு போச்சு. பவி லேப்டாப்புல விண்டோஸோட உபுண்டுவையும் ஏத்தினதுலேர்ந்து மணி தப்புத் தப்பா காட்டுது, கடைக்காரர் பார்த்துட்டு உள்ள இருக்கிற செல் போயிருக்கும், கழட்டித்தான் பார்க்கணும்னாருன்னு சொன்னே பாரு, அதுக்குத்தான் இந்தக் கடிதம். ஃபோன்ல சொன்னா நீ 'உம்' கொட்டிக்கிட்டே அடுப்படிக்குப் போயிடுவே. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் கடைக்கு இப்போதைக்கு ஒரு பைசா கொடுக்காதே.

எங்க வீட்டுல இந்தக் கூத்தெல்லாம் நடந்து முடிஞ்சாச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவச அப்டேட் நின்னுடும்னு சொன்னாங்களா, பெரியவன் உடனே என் லேப்டாப்புல உபுண்டு போடறேன்னு உக்காந்துட்டான். டேலி கணக்கெல்லாம் விண்டோஸ்ல இருக்கு, அதைத் தொட்டே சோறு கிடையாதுன்னு நான் சத்தம் போட்டதுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கொடுத்தான். மறுநாள் பத்தேகாலுக்கு விண்டோஸைத் திறந்தா மூலையில 4:45 ஏ.எம்.! அதைக் கவனிக்காம ஜவுளிக்கடைக்காரம்மாவுக்கு ஒரு ரிப்போர்ட்டை பிரிண்ட் போட்டு அனுப்ப, அதுல மணியும் சேர்ந்து விழுந்திருக்கு. அந்தம்மா என்னைக் கூப்பிட்டு, விடியறதுக்கு முன்னாடியே எழுந்து எங்க கணக்கைப் பார்க்கறீங்களே, உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு உருகிட்டாங்க. நான் மறுக்கல. இத்தனை வருஷத்துல என் உழைப்பைப் பாராட்டின ஒரே கிளையண்ட், அதை எதுக்குக் கெடுக்கணும்?

செட்டிங்ஸ்ல போய் நேரத்தை 'சிங்க்' பண்ணினா விண்டோஸ் சரியாயிடும். ஆனா அதுக்கப்புறம் உபுண்டுவைத் திறந்தா அது மத்தியானம் மூணே முக்கால்னு நிக்கும், நெட் கிடைச்சதும் தன்னைத் திருத்திக்கும், திரும்ப விண்டோஸுக்குப் போனா பழைய குருடி கதவைத் திறடி.

இங்கதான் நீ கணக்குப் போடணும். பத்தேகாலுக்கும் நாலே முக்காலுக்கும் நடுவுல சரியா அஞ்சரை மணி நேரம், கூடவும் இல்ல குறைச்சலும் இல்ல. உலகப் பொது நேரத்துக்கும் நம்ம இந்திய நேரத்துக்கும் இருக்கிற வித்தியாசம் அதேதான். செல் செத்துப்போன கடிகாரம் இப்படி அளந்து வச்ச மாதிரியா தப்பு பண்ணும்? அது தேதியோட வருஷத்தையும் மறந்துட்டு, கரண்டை எடுக்கும்போதெல்லாம் ஏதாவது பழைய வருஷத்துக்குப் போய் நிக்கும், எந்தச் சிஸ்டத்தைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். பவியை நல்லாப் பார்க்கச் சொல்லு. அஞ்சரைன்னா செல் நல்லாத்தான் இருக்கு.

பாளையங்கோட்டைல உங்க ஆச்சி வீட்டுக் கடிகாரம் எப்பவும் பத்து நிமிஷம் கூட ஓடுமே, ஞாபகம் இருக்கா? வீட்டு ஆளுங்க மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுப் பார்ப்பாங்க, வந்த விருந்தாளி பஸ் போச்சேன்னு காப்பியைக்கூடக் குடிக்காம ஓடுவாரு. கம்ப்யூட்டர் போர்டுல மெஷினை அணைச்சாலும் ஓடற கடிகாரம் ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே கதிதான். அதுல இருக்கிறது ஊர் நேரம்னு விண்டோஸ் அப்படியே படிக்கும். உபுண்டு அதை உலகப் பொது நேரம்னு எடுத்துக்கிட்டு அஞ்சரையைக் கூட்டிக் காட்டும். படிக்கிறதோட விட்டாலும் பரவாயில்ல, ரெண்டும் தனக்குச் சரின்னு பட்டதை அதுலேயே எழுதியும் வைக்குதுங்க. நெட்டுல நேரம் பார்த்துக்கிட்டிருக்கிற லினக்ஸ் 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதும்னா பார்த்துக்கோயேன்.

யார் மேல தப்புன்னு பெரியவன்கிட்ட கேட்டேன், அவன் கட்சி லினக்ஸ்தான். எனக்கு விண்டோஸ் மேலயும் பரிதாபம் வந்துச்சு. 1984-ல ஐபிஎம் ஏடி மெஷின்ல பேட்டரிக் கடிகாரம் வந்தப்போ அதுல ஓடின டாஸுக்கு வெளிநாட்டு நேரம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. மேஜைக்கு முன்னால உக்காந்திருக்கிறவர் கையில கட்டின வாட்ச்ல என்ன மணியோ அதுதான் மணி. பழைய சாஃப்ட்வேர் கெட்டுடக் கூடாதேன்னு அந்தப் பழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடல. லினக்ஸோ யூனிக்ஸ் வழியில வந்தது, 1970 ஜனவரி 1-லேர்ந்து பொது நேரத்துல நொடி எண்ணிக்கிட்டிருக்கிற பரம்பரை. ரெண்டு வீட்டு வழக்கமும் அதது வீட்டுல சரிதான்.

சொல்ல மறந்தேனே, விண்டோஸ்ல டைம் ஸோன் பட்டியல்ல நம்ம நேரத்துக்கு நேரா 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி'ன்னு போட்டிருக்கான். அகர வரிசைதான், இருந்தாலும் நம்ம ஊர் பேரு முதல்ல நிக்கிறதுல ஒரு அல்ப சந்தோஷம். உங்க அப்பா ரயில்வேக்காரராச்சே, கேட்டா சொல்லுவாரு, 1906-ல இந்தியாவுக்குன்னு பொது நேரம் வர்றதுக்கு முன்னாடி ரயிலெல்லாம் மெட்ராஸ் டைம்லதானே ஓடுச்சு!

சரி, வைத்தியத்துக்கு வர்றேன். ரெண்டுல ஒண்ணை மாத்தினாப் போதும், ரெண்டையும் மாத்தினா சண்டை பழையபடி ஆரம்பிச்சுடும். சுலபமானது உபுண்டு பக்கம். டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல்னு அடிச்சு, இடம் விட்டு செட்-லோக்கல்-ஆர்டிசி, இடம் விட்டு 1. இனிமே அதுவும் ஊர் நேரமாப் படிச்சுக்கும். அப்புறம் வெறும் டைம்டேட்சிடிஎல் அடிச்சுப் பார்த்தா, இப்படி வச்சுக்கிறது நல்லதில்லன்னு மாமியார் மாதிரி ஒரு எச்சரிக்கை வரும். நம்ம ஊர்ல கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணின்னு முள்ளைத் திருப்பற வழக்கம் இல்லாததால அதை நான் கண்டுக்கல. என் மெஷின் இப்படித்தான் சமர்த்தா ஓடுது.

ஆனா உன் பவி அக்டோபர்ல ஜெர்மனிக்குப் போறாளே! அங்க மார்ச் கடைசி ஞாயிறு ஒரு தடவை, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு தடவை, நாடே முள்ளைத் திருப்பும். ஊர் நேரத்துல வச்சிருந்தா எந்தச் சிஸ்டம் எப்போ ஒரு மணி நேரத்தை நகர்த்திச்சுன்னு அந்தப் பொண்ணு மண்டையைப் பிச்சுக்கணும். அதனால அவளுக்கு விண்டோஸைத் திருத்தறதுதான் சரி. ரெஜெடிட்ல, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் வரைக்கும் இறங்கி, ரியல்டைம்ஈஸ்யூனிவர்சல்ங்கிற பேர்ல புதுசா ஒரு டிவேர்ட் வச்சு, அதோட மதிப்பு 1. அதுக்கு முன்னாடி உபுண்டுல நான் சொன்ன அதே வரி, கடைசியில 0, அது பொது நேரத்துலதான் இருக்குன்னு உறுதிப்படுத்திக்க. ஒரு தடவை அணைச்சுப் போட்டு, நேரத்தை சிங்க் பண்ணிட்டா முடிஞ்சுது. ரெஜிஸ்ட்ரில வேற எதையும் தொட வேண்டாம்னு மட்டும் கண்டிப்பாச் சொல்லு, அவ உன்னை மாதிரியே எல்லாத்தையும் திறந்து பார்க்கிற ரகம்.

இதை அப்படியே அவகிட்ட காட்டு, ஸ்பெல்லிங் அவளுக்குத் தெரியும். சரியானதும் எனக்கு ஒரு வரி போடு, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஜவுளிக்கடைம்மா தீபாவளிக்குப் புடவை எடுத்து வைக்கிறேன்னு வேற சொல்லியிருக்காங்க, உனக்கு என்ன கலர் வேணும்னும் சேர்த்து எழுது.

உன் பிரியமுள்ள,
சரசு