ஷிப்டுக்கு நேரமாச்சு

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது; நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லாருக்கும் அது புரிந்தது.

அப்பா கோவை பங்கஜா மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த இழைகளை ஒட்டும் சைடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சைமர் என்று டாக்டர் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்தது. மதியம் சாப்பிட்டது நினைவிருக்காது. காலை ஷிப்டு மட்டும் மறக்காது. விடியுமுன் சட்டையை மாட்டிக்கொண்டு, "சங்கு ஊதியாச்சு அம்மிணி, போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிடுவார். நாங்கள் தடுப்பதில்லை. புலியகுளம் டீக்கடைக்காரர் "இன்னிக்கு லீவுங்கண்ணா" என்பார். அப்பா டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். வழி தவறினால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து யாராவது கொண்டுவந்து விடுவார்கள். மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒறம்பரை எல்லாம் மெச்சினார்கள். பாதி வேலையைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது என்பது, தெரு காலியான பிறகுதான் எனக்கு உறைத்தது.

கதவைப் பூட்டினோம். யாரோ ஒரு பெண்பிள்ளை தன்னை வேலைக்குப் போகவிடாமல் அடைத்துவைத்திருக்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. "சம்பளத்தப் புடிச்சுருவாங்க, உடுங்க" என்று தாழ்ப்பாளை உலுக்குவார். கொரோனா என்று விளக்கினால் கவனமாகக் கேட்டுக்கொள்வார். ஐந்து நிமிஷத்தில் மறுபடி முதலிலிருந்து. புதுச் சேதியைப் பதித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான் இந்த நோய் ஆரம்பத்திலேயே அரிக்கிறது. உலகமே ஒரே சேதியைப் பேசிய நாட்களில், அது அவரிடம் மட்டும் தங்கவே இல்லை. பொழுது சாயச் சாயப் பதற்றம் கூடும், கிட்டே போனால் கையை ஓங்குவார். டோனெபெசில் மாத்திரை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், நோயை நிறுத்தாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது அவரையும் போனில்தான் பிடிக்க முடிந்தது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, மதுரையோடு கோவை மாநகராட்சியிலும் முழு ஊரடங்கு, மளிகைக்கடைகூடக் கிடையாது. அப்போதுதான் ஒரு சாயங்காலம், அப்பா துண்டின் கரையிலிருந்து நூல் நூலாக உருவிக்கொண்டிருந்தார். திட்ட வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். அறுந்த இரண்டு நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே உருட்டு. பார்வை நூலில்கூட இல்லை. பேரனின் பெயர் போய்விட்டது, விரலுக்குப் பழகிய வேலை போகவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களில் குடியிருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து பொழுதோடு ஒரு கோன் நூலை அவர் மடியில் வைத்தோம். மில்லில் ஓடும் இழையில் அந்த உருட்டு பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு நூலில் நிற்காது. நிற்காததும் நல்லதாகப் போயிற்று, வேலை தீரவே இல்லை.

மே 11-இல் டீக்கடைகள் திறந்தன, பார்சல் மட்டும். அழைத்துப்போனேன். மாஸ்க் கட்டிய ஆளைப் பார்த்ததும் அப்பா என் பின்னால் ஒதுங்கினார். கடைக்காரர் மாஸ்க்கை இறக்காமலே, "இன்னிக்கு லீவுங்கண்ணா" என்று குரல் கொடுத்தார். குரல் பிடிபட்டது. முகத்தைவிடக் குரலை நம்பலாம் என்று அதற்கப்புறம் வீட்டிலும் அவர் அறைக்குள் நுழையுமுன் பேசிக்கொண்டே போவோம்.

ஊரடங்கில் நின்ற மத்திய அரசின் என்.டி.சி. மில்கள், பங்கஜா உட்பட, தளர்வுக்குப் பிறகும் ஓடவில்லை. வேலையில்லாமல் வீட்டிலிருந்த தொழிலாளி ஒருவர் அப்பாவைப் பார்க்க அடிக்கடி வருவார். "மில்லு எப்பத் தொறப்பாங்களோ தெரீலீங்கண்ணா" என்பார். அதே தவிப்பை அப்பா காட்டியபோது நாங்கள் அதை வியாதிக் கணக்கில் எழுதியிருந்தோம். அப்பா ஒருநாள் அவருக்கு நிதானமாகப் பதில் சொன்னார்: "திங்கக்கெழமை காலைல வந்துரு. நான் மேஸ்திரிகிட்டச் சொல்லி வெக்கறேன்."

"செரிங்கண்ணா" என்றார் அவர்.