வீடு பார்க்க வரும் நாள்

பதிவு நாள்

தத்தெடுக்க விரும்பும் குடும்பத்தைச் சமூகப் பணியாளர் ஒருவர் நேரில் கண்டு, பேசி, விசாரித்து எழுதுவது வீட்டாய்வு அறிக்கை. பேச்சில் அது ‘ஹோம் ஸ்டடி’. சிறார் நீதிச் சட்டம், 2015இன் வழியாக, அரசின் பட்டியலில் உள்ள குழந்தையைத் தத்தெடுக்க இந்த அறிக்கை கட்டாயம். அது முடியும்வரை எந்தக் குழந்தையின் படமும் அந்தக் குடும்பத்தின் கண்ணில் காட்டப்படாது.

நாட்கணக்கு காராவின் இணையதளத்தில் தொடங்குகிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தைத்தான் எல்லோரும் காரா என்கிறார்கள். அதன் ‘கேரிங்ஸ்’ தளத்தில் பதிந்தால்தான் வரிசையில் இடம். தெரிந்த குழந்தைகள் இல்லத்துக்கு நேரே போய் ஒரு குழந்தையைப் பார்த்து எடுத்துவரும் பழைய வழக்கத்துக்கு இப்போது இடமில்லை.

தகுதியை 2022 செப்டம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்ட தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்வும் இருவரின் சம்மதமும் வேண்டும். தனியாக வாழும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படாது. வயதுக் கணக்குதான் பலரைத் திகைக்க வைக்கிறது. 2 வயது வரையிலான குழந்தைக்குக் கணவன், மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது, தனிநபருக்கு 40. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90, 45. 4 முதல் 8 வரை 100, 50. அதற்கு மேல் 18 வரை 110, 55. கணவருக்கு 46, மனைவிக்கு 42 என்றால் கூட்டுத்தொகை 88; கைக்குழந்தைக்கு அந்த வீட்டில் வழியில்லை, 2 வயதைக் கடந்த குழந்தைக்கு உண்டு. குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இடையே 25 வயதாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருக்கும் தம்பதியால் சிறப்புத் தேவையுள்ள குழந்தை, எளிதில் குடும்பம் அமையாத குழந்தை ஆகியோரை மட்டுமே தத்தெடுக்க முடியும்.

இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் என்று இன்னொரு வழியும் உண்டு. பெற்றவர் மனமொப்பிக் கொடுக்க, வளர்க்கப்போகிறவர் வாங்கிக்கொள்ளும் சுவீகாரம் அது. அக்காள் பிள்ளையைத் தங்கை வாங்கி வளர்க்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சட்டம் வீட்டாய்வு கேட்பதில்லை. இந்த இரண்டு வழிக்கும் நடுவே, ஆஸ்பத்திரி வாசலில் தரகர் காட்டும் ‘குறுக்கு வழி’ தத்தெடுப்பே அல்ல. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

30ஆம் நாள்

பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆவணங்களை ஏற்றிவிட வேண்டும். குடும்பப் புகைப்படம், பான் கார்டு, பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று. மணமுறிவு பெற்றவருக்கு நீதிமன்றத் தீர்ப்பின் நகல், துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்று. தீராத நோயோ தொற்றுநோயோ உயிர்க்கொல்லி நோயோ இல்லை என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். வீட்டில் 5 வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் கோப்பில் சேரும். தனியாக விண்ணப்பிப்பவர், தமக்கு ஏதேனும் ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஓர் உறவினரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும்.

இவற்றோடு, அறிந்தவரோ உறவினரோ இருவர் தரும் பரிந்துரைக் கடிதங்கள். விஷயம் வெளியே கசியாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் தம்பதிக்கு முதல் சோதனை இதுதான். யாரோ இரண்டு பேரிடம் சொல்லியாக வேண்டும்.

1984, பிப்ரவரி 6

வீட்டாய்வு இந்தியாவுக்குள் வந்த கதையைச் சொல்ல, நாட்குறிப்பில் இந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தியக் குழந்தைகள் வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுக்கப்படுவதில் முறைகேடுகள் நடப்பதாக லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. நீதிபதி பி. என். பகவதி எழுதிய தீர்ப்பு, குழந்தையைக் கேட்கும் வெளிநாட்டுக் குடும்பத்தைப் பற்றி அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வீட்டாய்வு அறிக்கை தர வேண்டும் என்றது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் பட்டியலிட்டது: குடும்பப் பின்னணி, வீட்டின் அமைப்பு, கணவன் மனைவி உறவு, வேலை, உடல்நிலை, பொருளாதார நிலை, பள்ளி வசதி, தத்தெடுக்கும் காரணம், தாத்தா பாட்டியின் மனப்போக்கு.

காரா 1990இல் உருவானதும் இந்தத் தீர்ப்பின் தொடர்ச்சிதான். கடல் கடந்த ஊரில் குழந்தைக்கு என்ன நேருமோ என்ற அச்சத்தில் எழுந்த கேள்விகள், இன்று மதுரையிலும் சேலத்திலும் உள்ள குடும்பங்களிடம் கேட்கப்படுகின்றன. ‘நம்மூர்க்காரனையே நம்பவில்லையா?’ என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. பக்கத்துத் தெருவானாலும் குழந்தைக்கு அது முன்பின் தெரியாத வீடு.

முதல் சந்திப்பு நாள்

ஆவணங்கள் ஏறியதும், விண்ணப்பதாரர் வசிக்கும் இடத்துக்கு அருகில் உள்ள சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் சமூகப் பணியாளரிடம் கோப்பு போகிறது. அப்படி நிறுவனம் இல்லாத மாவட்டங்களில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற அரசு அமைப்புகளின் பணியாளர் வருவார். அறிக்கைப் படிவத்தின் ஒரு பகுதியை விண்ணப்பதாரரே தம்மைப் பற்றி எழுதித் தர வேண்டும். மீதி, பணியாளரின் கணிப்பு.

தம்பதியிடம் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவது வழக்கம். தனித்தனியே பேசும்போதுதான் முடிச்சுகள் அவிழ்கின்றன. ‘அவளுக்கு ஆசை, அதனால் சரி என்றேன்’ என்று கணவர் சொல்ல, ‘மாமனார் வீட்டில் பேரப்பிள்ளை கேட்டு நச்சரிக்கிறார்கள்’ என்று மனைவி சொன்னால், குழந்தை வேண்டும் என்று அந்த வீட்டில் உண்மையில் நினைப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையைப் பற்றிய கேள்வியும் வரும். அது வேவு பார்க்கும் கேள்வி அல்ல. சிகிச்சை பலிக்காத துக்கம் ஆறியிருக்கிறதா, பிறக்காத குழந்தையின் இடத்தை நிரப்பத்தான் இந்தக் குழந்தை அழைக்கப்படுகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் அறிக்கை எழுத முடியாது. இறந்துபோன பிள்ளையின் பெயரையே வரப்போகும் குழந்தைக்கு வைக்க நினைக்கும் வீடுகளும் உண்டு.

சொத்துக்கு வாரிசு, முதுமைக்குத் துணை, ஒற்றைப் பிள்ளைக்கு விளையாட்டுத் தோழன் என்று காரணங்கள் பலவிதம். இவற்றில் எதுவும் தனியே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது. பிள்ளை பெற்றுக்கொள்கிறவர்களும் இதே காரணங்களுக்காகத்தானே பெரும்பாலும் பெற்றுக்கொள்கிறார்கள்! காரணம் அந்த ஒன்றோடு நின்றுவிட்டால்தான் சிக்கல்.

வீட்டுக்கு வரும் நாள்

‘வீடு பார்க்க வருகிறார்கள்’ என்ற சேதி, பெண் பார்க்க வரும் நாளின் பரபரப்பைப் பல வீடுகளில் கிளப்பிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். கேசரியும் பஜ்ஜியும் தயாராகின்றன. இன்னும் வராத குழந்தைக்குத் தொட்டிலும் பொம்மையும் வாங்கி வைப்போரும் உண்டு. இதற்கெல்லாம் அறிக்கையில் கட்டமே கிடையாது. சொந்த வீடா, வாடகை வீடா என்பது தகுதியை முடிவு செய்வதில்லை. குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று ஒழுங்குமுறைகள் எந்தத் தொகையையும் சொல்லவில்லை. வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, நகைக்கடனும் சீட்டும் போக மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்பதுதான் கணக்கு.

வீட்டில் பார்ப்பது எளிய விஷயங்களை. கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் குழந்தையைத் தடுக்கும் உயரமா, குழந்தை எங்கே தூங்கும், பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு தூரம். இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால், பகலில் குழந்தை யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு ‘பார்த்துக்கலாம்’ என்பது பதிலாகாது.

அதற்குப் பிறகு பெரியவர்கள். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியின் மனசு மருமகளின் சம்மதத்துக்கு ஈடான கனமுள்ளது. ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்று அவர் முணுமுணுத்தால், அந்தச் சொல் நாளைக்குக் குழந்தையின் காதிலும் விழும். சாதி என்ன என்று கேட்கும் பெரியவரும் உண்டு. நிறம் எப்படி இருக்கும் என்று கேட்கும் இளையவரும் உண்டு. விருப்பப் படிவத்தில் சாதியைக் குறிக்க இடமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் சிலர் அறிந்துகொள்கிறார்கள். ஏற்கெனவே பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையிடமும் பேச வேண்டும். தன் படுக்கையில் பங்கு கேட்க ஒருவர் வரப்போவது அதற்குத் தெரியுமா?

எல்லாம் பேசி முடித்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: தத்தெடுத்ததைக் குழந்தையிடம் எப்போது, எப்படிச் சொல்வீர்கள்?

வீட்டாய்வின் மையம் இது. அதுவரை தடுமாறாத தம்பதிகளும் இங்கே தடுமாறுகிறார்கள். ‘சொல்லவே மாட்டோம், எங்கள் பிள்ளையாகவே வளர்ப்போம்’ என்பது அன்பில் தோய்ந்த பதில். ஆனால் பிழையான பதில். தத்தெடுத்ததை மறைக்க வயிற்றில் துணி கட்டிக் கர்ப்பிணியாக நடிப்பதும், ஊர் மாறிக் குடிபோவதும் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவை அல்ல. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. பள்ளிக்கூடச் சண்டையிலோ, கல்யாணப் பேச்சின்போதோ, சொத்துத் தகராறிலோ யாரோ ஒருவர் போட்டு உடைப்பார். அன்று அந்தப் பிள்ளைக்கு வலிப்பது தத்துச் செய்தி மட்டுமல்ல. இத்தனை ஆண்டுகளும் தன்னிடம் மறைத்தார்கள் என்பதும்தான். அதனால், புரியாத வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்கி, வயதுக்கேற்ப விரித்துக்கொண்டு போவதே நல்லது என்று சமூகப் பணியாளர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு அன்றே சரியான விடை சொல்ல வேண்டியதில்லை. தடுமாறினால் தேர்வில் தோல்வி என்று ஆகிவிடாது. வீட்டாய்வின் பாதி வேலை மதிப்பீடு, மறுபாதி தயார்ப்படுத்துதல். ஒப்பித்த பதிலைவிட, ‘பயமாக இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை’ என்ற பதிலோடு பணியாளரால் அதிக தூரம் போக முடிகிறது.

60ஆம் நாள்

ஆவணங்கள் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் அறிக்கை முடிய வேண்டும் என்பது விதி. 2017 ஒழுங்குமுறைகளில் இது 30 நாளாக இருந்தது. கட்டணம் 6,000 ரூபாய். அறிக்கை தளத்தில் ஏறியதும் விண்ணப்பதாரரும் பார்க்கலாம். தகுதியில்லை என்று எழுதினால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஓர் ஊரில் எழுதிய அறிக்கையே நாடு முழுவதும் செல்லும். கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு ஒடிசாவிலிருந்து குழந்தை வந்தால் அங்கே இன்னொரு வீட்டாய்வு கிடையாது.

மூன்றாம் ஆண்டு முடியும் நாள்

அறிக்கையின் ஆயுள் 3 ஆண்டு. நோயில்லாத கைக்குழந்தைக்கான காத்திருப்போ மூன்று ஆண்டைத் தாண்டுவது இப்போது சாதாரணம். அதனால் குழந்தை வருவதற்குள் அறிக்கை காலாவதியாகி, அதைப் புதுப்பிக்க வேண்டிய நிலை பலருக்கும் வருகிறது. புதுப்பிப்பதை வெறும் சடங்காக நினைப்பது தவறு. மூன்று ஆண்டில் வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பாட்டி படுத்த படுக்கையாகியிருப்பார். நடைமுறையின் மிகப் பெரிய குறையும் இதுதான்: 60 நாளில் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தும் விதி, அதன்பின் குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கிறது. அந்த இடைக்காலத்தில் யாரும் வந்து ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பதில்லை.

அழைப்பு வரும் நாள்

குழந்தையின் படமும் குழந்தை ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் தளத்தில் வந்ததும், 48 மணி நேரத்துக்குள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். பிறகு குழந்தை இருக்கும் நிறுவனத்தின் தத்தெடுப்புக் குழு, வீட்டாய்வு அறிக்கையை எதிரே வைத்துக்கொண்டு குடும்பத்தைச் சந்திக்கும். குடும்பத்தை முன்பின் பாராத அந்தக் குழுவுக்கு அறிக்கைதான் அறிமுகம். தத்தெடுப்பு ஆணையை முன்பு நீதிமன்றம் பிறப்பித்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

அதன் பின் இரண்டு ஆண்டுகள்

வீட்டாய்வு முடிந்தாலும் வீட்டுக்கு வருவது முடிவதில்லை. 2 ஆண்டுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் வந்து, குழந்தையின் உடல்நலமும் மனநலமும் பழக்கமும் எப்படி என்று தொடர் அறிக்கை எழுதுவார். இந்த நான்கு முறையும் கேசரி தேவைப்படாது. குழந்தையே வாசலுக்கு ஓடிவந்து யார் என்று பார்க்கும்.

கோப்பு பூட்டப்படுகிறது; உள்ளிருப்பவை இரகசியம். தத்தெடுக்கப்பட்டவர் 18 வயதைக் கடந்ததும் தம் வேரைத் தேடித் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். மூன்றாம் நபர் எவருக்கும் அதைக் கேட்கும் உரிமை இல்லை.